இரவு 10 மணிக்கு மேடையில் யார்?

அமெரிக்கக் கட்சி மாநாடு என்றதும் பலூன் மழையும், கோமாளித் தொப்பிகளும், கண்ணீர் வடிக்கும் தொண்டர்களும், கைகோத்து நிற்கும் வேட்பாளர் குடும்பமும் நினைவுக்கு வரும். டிவியில் நாமும் பார்த்ததுதான். எனக்கு அதில் அவ்வளவு ருசி கிடையாது. ருசி இருக்கும் இடம் மேடைக்குப் பின்னால். பேச்சாளர்களின் உரையை வரி வரியாகப் படித்துக் கத்தரி போடும் ஓர் அறை, மிஞ்சியதை டெலிபிராம்ப்டரில் ஏற்றும் ஒரு மேசை, ஒத்திகை பார்க்க ஓர் இடம். எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது ஒரு காகிதம்: யார், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். அந்தக் காகிதத்தில் இடம்பிடிக்க நடக்கும் குடுமிப்பிடி இருக்கிறதே, அப்பப்பா!

பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மாநாட்டை ராத்திரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் காட்டும். கிழக்குக் கடற்கரை நேரப்படி 10 முதல் 11 வரை. அதற்குள் மைக் கிடைத்தால் நாடே பார்க்கும். மாலை 5 மணிக்குக் கிடைத்தால் பாதி நாற்காலி காலி. மீதி நாற்காலிக்காரர்கள் பக்கத்தில் இருப்பவரோடு கதை பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒரு கேள்வி. கட்சியின் கொள்கைக்கு நேர் எதிராகப் பேசக்கூடிய ஒரு சொந்தக்கட்சிக்காரர் ‘எனக்கும் மைக் வேண்டும்’ என்று வந்து நின்றால்? ‘எங்கள் கூடாரம் பெரியது, எல்லோருக்கும் இடமுண்டு’ என்பது அங்கே இரண்டு கட்சிகளும் காலம்காலமாக ஓதும் மந்திரம். கூடாரத்துக்குள் விடுவது வேறு, மைக்கைக் கொடுப்பது வேறு. கூத்து ஆரம்பிப்பதே அங்கேதான்.

நம்மூர்க் கணக்கோடு இதற்குள் நுழைந்தால் குழம்பிவிடும். இங்கே விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், கடைசியில் தலைமை வெளியிடும் பட்டியல். அங்கே தலைமை ‘சீட்’ கொடுப்பதில்லை. பிரைமரி எனப்படும் முதல்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஜெயித்துச் சபைக்குள் போன பிறகும் கொறடாவை மீறினால் பதவி பறிபோகும் என்ற பயம் கிடையாது. நம்மிடம் 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போல அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே ‘மாற்றுக் கருத்துள்ளவரைக் கட்சி வரவேற்றது’ என்று அங்கே செய்தி வந்தால், யாரோ ஒரு பெரிய தலை போன் போட்டிருக்கிறது, எதிரே நின்றவரை ஒதுங்கச் சொல்லியிருக்கிறது, நிதி திரட்டிக் கொடுத்திருக்கிறது என்று பொருள். இவை எல்லாம் கதவுக்குப் பின்னால் நடப்பவை. எட்டிப் பார்ப்போமே!

சமூக விவகாரங்களில் பெரிய வெடிமருந்து கருக்கலைப்பு. 1973ல் ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பு உரிமையாக்கியது. அதன் பிறகு கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக ஜனநாயகக் கட்சி, எதிராகக் குடியரசுக் கட்சி என்று கோடு மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. கோட்டின் தப்பான பக்கத்தில் நின்ற பிரபலங்களில் முதல் பெயர் ராபர்ட் கேஸி.

பென்சில்வேனியா மாநில கவர்னர். (அங்கே கவர்னர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஸ்க்ரான்டன் நகரத்துக் கத்தோலிக்கர். தொழிற்சங்கம், ஏழைகள், மருத்துவ வசதி என்று எல்லாவற்றிலும் அசல் ஜனநாயகக் கட்சிக்காரர். கருக்கலைப்பில் மட்டும் கடும் எதிர்ப்பு. கவர்னர் பதவிக்கான பிரைமரியில் மூன்று முறை தோற்று, நான்காவது முறை 1986ல் வென்றவர். 1990ல் மறுபடி நின்றபோது 67 மாவட்டங்களில் 66ஐ அள்ளினார். வித்தியாசம் பத்து லட்சம் வாக்குகளுக்கும் மேல்! இப்படிப்பட்ட மனிதரை எந்தக் கட்சியும் தோளில் தூக்கிவைத்து ஆடும் என்றுதானே நினைப்பீர்கள்?

1992 ஜூலை. நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டன். பில் கிளின்டனுக்கு முடிசூட்டும் மாநாடு. இரண்டு வாரத்துக்கு முன்புதான், ஜூன் 29 அன்று, பென்சில்வேனியாவின் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வழக்கின் பெயரிலேயே ‘கேஸி’ இருந்தது. கட்சிக்குள் இருந்த பெண்ணுரிமை இயக்கத்தினருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கோபம் வரும் நேரம். அந்த நேரம் பார்த்து ‘கருக்கலைப்புக்கு எதிரான என் கருத்தைப் பேச மேடை வேண்டும்’ என்று கேஸி கேட்கிறார். கட்சித் தலைவர் ரான் பிரவுன். மாநாட்டுக்குத் தலைமை டெக்சாஸ் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ். மேடை கிடைக்கவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் அது சாதாரண உட்கட்சி மனத்தாங்கல். ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சிப் பெண்கள் சிலரைக் கூப்பிட்டு அதே மேடையில் ஏற்றினார்கள்! எதிர்க்கட்சிக்காரர்கள்! அவர்களில் ஒருவர் பென்சில்வேனியாக்காரர். 1990ல் கேஸியை எதிர்த்து நின்ற பார்பரா ஹேஃபருக்காக வேலை பார்த்தவர். சொந்தக் கட்சி கவர்னர் கீழே உட்கார்ந்திருக்க, அவரைத் தோற்கடிக்கப் பாடுபட்ட எதிர்க்கட்சிக்காரர் மேலே நின்று பேசுகிறார். அரங்கத்துக்குள் கேஸியைப் போப்பாண்டவர் வேஷத்தில் வரைந்த பேட்ஜ்கள் வேறு உலவின. கிளின்டன் தரப்பு சொன்ன காரணம்: கேஸி வேட்பாளருக்கு ஆதரவு அறிவிக்கவில்லை, அதனால்தான் மேடை தரவில்லை. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அவர் கிளின்டனை ஆதரித்து வாய் திறக்கவில்லைதான். கருக்கலைப்பை எதிர்த்த வேறு சில கட்சிக்காரர்கள் வேறு விஷயங்களைப் பேசிவிட்டு இறங்கவும் செய்தார்கள். ஆனால் எதிர்க்கட்சிக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தியதற்கு அந்தக் காரணம் பொருந்தவில்லையே! சும்மா மறுத்திருந்தால் போதும். சீண்டிப் பார்த்ததுதான் சின்னத்தனம்.

இதிலும் உள்கதை ஒன்று உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. கிளின்டனின் அந்தத் தேர்தலை நடத்திய மூளை ஜேம்ஸ் கார்வில். கார்விலுக்கு வாழ்வு கொடுத்தது யார் என்கிறீர்கள்? கேஸி! 1986ல் கேஸியின் தேர்தலை நடத்தியது கார்வில்தான். எதிராளி வில்லியம் ஸ்க்ரான்டன் மகரிஷி மகேஷ் யோகியின் தியான முறையைப் பின்பற்றியவர். அதை வைத்து, அவருடைய நீளமுடிக் காலத்துப் படங்களைக் காட்டி, பின்னணியில் சிதார் இசையை ஓடவிட்டு ஒரு விளம்பரத்தைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு இறக்கினார்கள். அந்த நாட்டுத் தேர்தல் விளம்பர வரலாற்றில் ‘குரு விளம்பரம்’ என்றே அதற்குப் பெயர். நம்மூர் சிதார் அங்கே போய் ஒருவரைக் கவிழ்த்திருக்கிறது, பாருங்கள்! பிறகு 1991ல் செனட்டில் ஓர் இடம் காலியானது. கேஸி அதில் ஹாரிஸ் வாஃபர்டை நியமித்தார். கார்விலும் பால் பெகாலாவும் அவரை இடைத்தேர்தலில் ஜெயிக்கவைத்தார்கள். அந்த வெற்றிதான் இருவரையும் நாடறியச் செய்தது, கிளின்டன் முகாமில் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஏணியைப் போட்டுக்கொடுத்தவர் கீழேயே நின்றார்.

கேஸி 2000ல் காலமானார். கதை முடிந்தது என்று நினைத்தால், இனிமேல்தான் சுவாரசியமே.

2005. ஜனநாயகக் கட்சி நொந்துபோயிருந்த நேரம். முந்தைய ஆண்டு அதிபர் தேர்தலிலும் தோல்வி, செனட்டிலும் தோல்வி. பென்சில்வேனியாவில் குடியரசுக் கட்சி செனட்டர் ரிக் சாண்டோரம், கருக்கலைப்பு எதிர்ப்பின் போர்வாள், 2006ல் மறுபடி நிற்கப்போகிறார். அவரை வீழ்த்த ஆள் வேண்டும். செனட் தேர்தல் குழுவுக்குப் பொறுப்பு நியூயார்க்கின் சக் ஷூமர். அவர் கண் யார் மேல் விழுந்தது? இளைய பாப் கேஸி மேல். அப்பாவின் அதே பெயர், அதே மதம், கருக்கலைப்பில் அதே நிலை. கத்தோலிக்கர்களும் தொழிலாளர் குடும்பங்களும் நிறைந்த மாநிலத்தில் சாண்டோரத்தின் பெரிய ஆயுதத்தையே பிடுங்கிவிடக்கூடிய பெயர்.

ஆனால் களத்தில் ஏற்கனவே ஒருவர் இறங்கத் தயாராக இருந்தார். பார்பரா ஹேஃபர்! ஆமாம், 1990ல் பெரிய கேஸியிடம் படுதோல்வி அடைந்த அதே ஹேஃபர். 2003 கடைசியில் குடியரசுக் கட்சியை விட்டு ஜனநாயகக் கட்சிக்கு மாறியிருந்தார். கருக்கலைப்பு உரிமையில் கட்சியின் அதிகாரபூர்வக் கொள்கை எதுவோ அதுவே அவர் கொள்கை. இப்போது மாநில கவர்னர் எட் ரெண்டெலிடமிருந்து அவருக்குத் தகவல் போகிறது: கட்சி இளைய கேஸியின் பின்னால் நிற்கிறது. ஹேஃபர் விலகிக்கொண்டார். இந்த ரெண்டெல் யார்? 2002 கவர்னர் பிரைமரியில் இளைய கேஸியைத் தோற்கடித்தவர்! நேற்றைய எதிரியே இன்றைய மாப்பிள்ளைத் தோழன்.

ஹேஃபரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அப்பா கேஸியிடம் தோற்றார். மாநிலத் தணிக்கைத் தலைவர் பதவியை விட்டு இறங்கியபோது அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மகன் கேஸி. பிறகு மாநிலக் கருவூலத் தலைவரானார். அதை விட்டபோது அங்கேயும் வந்தவர் மகன் கேஸி. மூன்றாவதாக செனட் கனவும் அதே மகனுக்காகக் கலைந்தது. ஒரு குடும்பம் ஒருவர் ஜாதகத்தில் இப்படியுமா உட்காரும்?

சிரிப்பு ஒரு பக்கம். கட்சி மாற்றுக் கருத்தை வரவேற்றது என்று 2006ல் எல்லோரும் புகழ்ந்தார்களே, அந்த வரவேற்பின் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்சியின் கொள்கையை அப்படியே ஏற்றிருந்த ஒரு பெண்ணின் தலையில். திரைக்குப் பின்னால் தேடிப்போனால் இது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

கணக்கு என்னவோ பலித்தது. இளைய கேஸி 17 புள்ளி வித்தியாசத்தில் சாண்டோரத்தைச் சாய்த்தார். 2008 ஆகஸ்டில் டென்வர் மாநாடு. அப்பாவுக்குக் கிடைக்காத மைக் மகன் கையில்! கருக்கலைப்பு பற்றி ஒபாமாவுக்கும் தனக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அப்படியிருந்தும் தன்னைப் பேச அழைத்தது ஒபாமாவின் பண்பு என்கிற பொருளில் ஒருசில வரிகள். மீதி உரை முழுக்கக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் மெக்கெய்னுக்கு அர்ச்சனை. உற்றுக் கவனித்தால் அதுதான் ஒப்பந்தம்: கருத்து வேறுபாடு ‘உண்டு’ என்று சொல்லலாம், ஏன் என்று விளக்கக்கூடாது. அப்பா கேட்டது விளக்குவதற்கு.

அதே 2006ல் கீழ்ச்சபைப் பக்கம் நடந்த ஆள்பிடிப்பு இன்னும் கலகலப்பு. அங்கே பொறுப்பு ராம் இமானுவேல். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை கொட்டும், தூக்கம் தெரியாத ஆசாமி. வடகரோலினா மலைப்பகுதித் தொகுதிக்கு அவர் குறிவைத்தது ஹீத் ஷூலரை. முன்னாள் கால்பந்து வீரர், அமெரிக்கக் கால்பந்தில் அணியையே நடத்தும் குவார்ட்டர்பேக், பக்திமான், கருக்கலைப்புக்கு எதிர்ப்பு. ஷூலர் தயங்கினார். ‘சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், அரசியலுக்கு வந்தால் அவர்களைப் பார்க்க முடியாதே’ என்றார். அவ்வளவுதான்! இமானுவேலிடமிருந்து போன் மேல் போன். இப்போது பிள்ளைகளைப் பள்ளியில் விடப்போகிறேன் என்று ஒரு போன். பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இன்னொரு போன். எம்.பி.யாக இருந்துகொண்டே அப்பாவாகவும் இருக்கலாம் என்று நேரடி ஒலிபரப்பே நடத்திக் காட்டிவிட்டார் மனிதர். ஷூலர் நின்றார், வென்றார். கட்சி 12 ஆண்டுகளுக்குப் பின் கீழ்ச்சபையைப் பிடித்தது. கொள்கை விளக்கக் கூட்டம் போட்டு யாரும் ஷூலரை இழுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கொள்கை என்னவென்று இமானுவேலுக்கு நன்றாகத் தெரியும். தொகுதியும் தெரியும்.

வரவேற்ற விருந்தாளிகள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு சும்மா இருப்பார்களா? 2009 நவம்பர் 7, சனிக்கிழமை ராத்திரி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா சபையில். மிச்சிகன்காரர் பார்ட் ஸ்டூபாக் ஒரு திருத்தத்தோடு குறுக்கே நிற்கிறார்: மசோதா வழியாகப் போகும் அரசுப் பணம் கருக்கலைப்புக் காப்பீட்டுக்குப் போகக்கூடாது. சபாநாயகர் நான்சி பெலோசி கருக்கலைப்பு உரிமைக்காக வாழ்நாளெல்லாம் நின்றவர். ஆனால் எண்ணிப் பார்க்கிறார், வாக்கு போதவில்லை. கத்தோலிக்க ஆயர்கள் பேரவையின் ஆட்களோடும் பேச்சு ஓடுகிறது. கடைசியில் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். கட்சியின் பெண் உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். திருத்தம் 240க்கு 194 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 64 பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். மசோதாவும் 220க்கு 215 என்று தப்பியது. கெஞ்சிக் கூட்டிவந்த ஷூலர் என்ன செய்தார் தெரியுமா? திருத்தத்துக்கு வாக்களித்தார்; மசோதாவை எதிர்த்தார்!

அடுத்த மார்ச்சில் செனட் வழியாக வந்த வடிவத்தில் ஸ்டூபாக் திருத்தம் இல்லை. மறுபடி பேரம். இந்த முறை முடிவு, அதிபர் ஒரு நிர்வாக ஆணை பிறப்பிப்பார். அதற்கு ஈடாக ஸ்டூபாக் குழு வாக்களிக்கும். 219க்கு 212. இரண்டு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, வெள்ளை மாளிகையில் ஒபாமா சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு கையெழுத்துக்கு 22 பேனா. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு நினைவுப் பரிசு. கேமராக்கள், கைதட்டல், ஆரவாரம். மறுநாள் ஸ்டூபாக்குக்குக் கொடுத்த வாக்குப்படி நிர்வாக ஆணையிலும் கையெழுத்திட்டார். அதற்கு டிவி கேமரா இல்லை, நிருபர்களுக்கு அனுமதியும் இல்லை. கல்யாணத்தை ஊரறியச் செய்துவிட்டு, சீர்வரிசைக் கடனைக் கொல்லைப்புறத்தில் அடைத்த கதை. ஸ்டூபாக்கின் நிலைமைதான் பரிதாபம். சபையில் அவர் பேசும்போது எதிர்வரிசையிலிருந்து ‘குழந்தைக் கொலையாளி’ என்று கூச்சல். இந்தப் பக்கம் பெண்ணுரிமை அமைப்புகளின் கோபம். ஏப்ரல் பிறக்கவும் ‘இனி நிற்கப்போவதில்லை’ என்று அறிவித்துவிட்டார்.

எதிர் முகாமையும் விட்டுவைக்க வேண்டாம். 1996, சான் டியேகோ, குடியரசுக் கட்சி மாநாடு. வேட்பாளர் பாப் டோல் கருக்கலைப்பை எதிர்ப்பவர்தான். ஆனாலும் தேர்தலில் பெண்கள் வாக்கு வேண்டுமே! கட்சிக் கொள்கை அறிக்கையில் ‘இதில் மாற்றுக் கருத்துள்ளவர்களையும் மதிக்கிறோம்’ என்று சகிப்புத்தன்மை வாசகம் ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். அறிக்கைக் குழுவில் இருந்த மதப்பற்றாளர்கள் விடவில்லை. இழுத்து இழுத்துக் கடைசியில் வந்த சமரசம் இருக்கிறதே, சிரிக்காமல் படியுங்கள்: தோற்றுப்போன திருத்தங்களை அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சடித்துக்கொள்ளலாம்! மாற்றுக் கருத்துக்கு மரியாதை கடைசிப் பக்கத்தில். டோல் பின்னால் இன்னும் ஒரு போடு போட்டார். ‘நான் அந்த அறிக்கையைப் படிக்கவே இல்லை’ என்றார். வேட்பாளரே!

மாநாடு நடந்த மாநிலம் கலிஃபோர்னியா. அதன் கவர்னர் பீட் வில்சன், சான் டியேகோவின் முன்னாள் மேயரும்கூட, கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். மாசசூசெட்ஸ் கவர்னர் வில்லியம் வெல்டும் அப்படியே. கருக்கலைப்பைத் தொடாமல் பேசுவதானால் பேசலாம் என்ற நிபந்தனையால் இருவருக்குமே மேடை கைவிட்டுப் போயிற்று. சொந்த ஊர்க் கல்யாணத்தில் வீட்டுக்காரருக்கே பந்தி இல்லை! ஆனால் முதல் நாள் இரவு, எல்லா டிவியும் பார்க்கும் நேரத்தில், காலின் பவல் வந்து நின்று, பெண்ணின் தேர்வுரிமையை நம்புகிறேன் என்று போட்டு உடைத்தார். கூட்டத்தில் கொஞ்சம் ஊளை, அதைவிட அதிகக் கைதட்டல். வளைகுடாப் போர் நாயகனின் உரையில் யார் கத்தரி போடுவது? கட்சிக்கு அவர் தேவைப்பட்டார். அவருக்குக் கட்சி அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

2000, பிலடெல்ஃபியா. தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொன்ன அரிசோனா எம்.பி. ஜிம் கோல்பிக்கு மேடை கிடைத்தது. பேசியது சில நிமிடம், தலைப்பு உலக வர்த்தகம். தன் தனிவாழ்வைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்படியும் டெக்சாஸ் பிரதிநிதிகளில் சிலர் கௌபாய் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, தலைகுனிந்து ஜெபத்தில் ஆழ்ந்தார்கள். டெக்சாஸ் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் சொந்த மாநிலம்! ஏற்றுமதி இறக்குமதி உரைக்கு இவ்வளவு பக்தி வேறெங்கும் கிடைத்திருக்காது. பதினாறு ஆண்டு கழித்து கிளீவ்லாந்தில் தொழிலதிபர் பீட்டர் தீல் அதே கட்சி மேடையில், டிரம்ப் பேசப்போகும் அதே இரவில், தன்பாலின ஈர்ப்பாளராக இருப்பதில் பெருமை என்றே சொன்னார். அரங்கம் எழுந்து தட்டியது. அந்த வாரமே ஏற்ற கொள்கை அறிக்கையில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிர்ப்பு அப்படியே இருந்தது. மேடைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று.

2024ல் சக்கரம் முழுசாகச் சுற்றிவிட்டது. மில்வாக்கியில் அறிக்கைக் குழு மூடிய கதவுக்குள் கூடியது; உறுப்பினர்களின் கைப்பேசிகளை உறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். டிரம்ப் தரப்பு தந்த 16 பக்க அறிக்கையில், கருக்கலைப்பை நாடு முழுக்கத் தடைசெய்யும் பழைய கோரிக்கை இல்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற வரையறையும் இல்லை. வேகவேகமாக நிறைவேறியது. இம்முறை ‘எங்கள் மாற்றுக் கருத்தையும் பதிவுசெய்யுங்கள்’ என்று சிறுபான்மை அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் மதப்பற்றாளர்கள்! 1996ல் பின்னிணைப்பைக் காட்டி யாரை அனுப்பிவைத்தார்களோ, அந்த இடத்தில் இப்போது அவர்கள்.

ஜனநாயகக் கட்சியில் வாசல் அதற்குள் சுருங்கிவிட்டது. 2017 ஏப்ரலில் ஓமாஹா மேயர் தேர்தலுக்கு நின்ற ஹீத் மெல்லோ, முன்பு கருக்கலைப்புக்குக் கட்டுப்பாடு கோரியவர் என்று சர்ச்சை கிளம்பியது. கட்சித் தலைவர் டாம் பெரஸ் முதலில் ஆதரித்தார்; ஓரிரு நாளில், பெண்ணின் தேர்வுரிமையில் பேரத்துக்கு இடமே இல்லை என்று அறிக்கை விட்டார். ஜூலை முடிவதற்குள் கட்சியின் கீழ்ச்சபைத் தேர்தல் குழுத் தலைவர் பென் ரே லுஹான், அப்படியெல்லாம் கட்டாயம் ஒன்றும் கிடையாது என்கிறார்! ஒரே வீட்டில் ஒரே ஆண்டில் இரண்டு கதவு.

கருக்கலைப்பை எதிர்த்த சிகாகோ பக்கத்து எம்.பி. டேன் லிபின்ஸ்கிக்கு அடித்தது வேறு காற்று. (அப்பா பிரைமரியில் ஜெயித்துவிட்டு விலகி, அந்த இடத்தில் மகனைக் கொண்டுவந்து உட்காரவைத்த வாரிசு அது. நமக்கு இது புதிதில்லை.) அவருடைய நிதி திரட்டும் விருந்துக்கு வருவதாக இருந்த தேர்தல் குழுத் தலைவர் செரி பஸ்டோஸ், 2019ல் எதிர்ப்பு கிளம்பியதும் வரவில்லை என்றுவிட்டார். அடுத்த ஆண்டு பிரைமரியில் மேரி நியூமனிடம் லிபின்ஸ்கி தோற்றார்.

கடைசியாக டெக்சாஸ், 2022. கருக்கலைப்பை எதிர்க்கும் எம்.பி. ஹென்றி குவேயாரை எதிர்த்து ஜெஸிகா சிஸ்னெரோஸ் என்ற இளம் வழக்கறிஞர். மே 24ல் பிரைமரியின் இரண்டாம் சுற்று. மே 2ல் ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யப்போகும் வரைவு கசிந்து நாடே கொந்தளிக்கிறது. அதே வாரம் கட்சியின் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்ன் குவேயாருக்காகப் பிரசாரத்துக்குப் போனார். பெலோசியும் ஆதரவை விலக்கவில்லை. எல்லையோரத் தொகுதி, விட்டால் எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும் என்ற பயம். சிஸ்னெரோஸ் 300க்கும் குறைவான வாக்கில் தோற்றார். ஹேஃபருக்கு வந்த அதே பில், இந்த முறை இன்னொரு பெண்ணின் பெயருக்கு.

வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்கும். கணக்கு வழியாக வந்த வரவேற்பைக் கொள்கை வரவேற்பு என்று சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. பெரிய கேஸியை ஐந்து நிமிடம் பேசவிட்டிருந்தால் கட்சி ஒன்றும் கரைந்துபோயிருக்காது. தங்கள் உடல் பற்றிய சட்டத்தை வர்த்தக ஒப்பந்தம் போல ‘ஒரு கருத்து வேறுபாடு’ என்று கருத முடியாது எனப் பெண்கள் சொல்வதும் நியாயம். இரண்டையும் பொதுவில் வைத்துச் சண்டைபோட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகப் போன் செய்தார்கள், பின்னிணைப்பு அச்சடித்தார்கள், கேமராவை வெளியே நிறுத்தினார்கள்.

இளைய கேஸி என்ன ஆனார் என்கிறீர்களா? 2022ல் கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கும் மசோதாவுக்கே வாக்களித்தார். எந்த மாற்றுக் கருத்துக்காக அழைத்துவரப்பட்டாரோ அது கரைந்துவிட்டது. 2024ல் மயிரிழையில் செனட் இடத்தையும் இழந்தார். அந்த மசோதா 2021 செப்டம்பரில் கீழ்ச்சபைக்கு வந்தபோது எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஒரே ஒருவர், குவேயார். 2009ல் 64 பேர் இருந்த இடம் அது. அதிபர் வேட்பாளருக்கான அடுத்த மாநாடுகள் 2028ல். யார் மாற்றிப் பேசுகிறார் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கடிகாரத்தையும் பாருங்கள், அந்த இடத்துக்காக யார் ஒதுங்கினார் என்றும் விசாரியுங்கள்.